மூட்டையில் கட்டிய கடல்: புவிப்பூங்கா என்னும் சொல்லாடல் குறித்து

1

பாரம்பரியம் என்ற சொல் நம்மிடையே புழங்கும் விதத்தைக் கவனித்தால் ஒன்று புலப்படும். அதற்கு எப்போதும் ஒரு வாரிசு தேவைப்படுகிறது. கோயில் என்றால் கட்டிய அரசன். அந்த அரசன் எங்க ஆளு என்று சொல்ல ஒரு சாதி. சுவடி என்றால் மொழி. சடங்கு என்றால் குலம். வாரிசு கிடைக்காத சொத்தை நாம் பாரம்பரியம் என்று அழைப்பதில்லை. அதற்கு வேறு சொல் வைத்திருக்கிறோம்: புறம்போக்கு.

அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்து மண்ணுக்குள் கிடக்கும் கடல் உயிரிகளின் கல்லுருவங்கள் இவ்வளவு காலமும் புறம்போக்காகத்தான் கிடந்தன. இப்போது அவற்றுக்கு ஒரு வாரிசு கிளம்பியிருக்கிறது. அதன் பெயர் சுற்றுலா. புவிப்பூங்கா அமைத்தால் வெளியூர்க்காரன் வருவான், கடை வரும், விடுதி வரும், பிள்ளைகளுக்கு உள்ளூரிலேயே வேலை வரும், வட்டாரமே எழும்பிவிடும் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் இந்தப் பேச்சுக்கு எதிரி இல்லை. ஆனால் எந்தப் பேச்சும் சிலவற்றைப் பேசவைக்கும், சிலவற்றைப் பேசவிடாமல் அடைக்கும். இது எதை அடைக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜியோபார்க் என்ற கருத்தாக்கம் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். 1991-இல் பிரான்சின் தீஞ் நகரில் கூடிய நிலவியலாளர்கள் பூமியின் நினைவுக்கும் உரிமைகள் உண்டு என்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மரத்துக்கு அதன் வளையங்களில் நினைவு இருப்பதைப்போல பூமிக்கு அதன் பாறைகளில் நினைவு இருக்கிறது என்பது அதன் சாரம். தீஞ் நகரத்துக்குப் பக்கத்திலேயே ஒரே பாறைச் சரிவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அம்மோனைட் சுருள்கள் பதிந்திருக்கின்றன. அந்த அறிக்கை அந்த மண்ணிலிருந்து பிறந்ததில் வியப்பில்லை. 2000-இல் பிரான்ஸ், கிரீஸ், ஜெர்மனி, ஸ்பெயின் நாடுகளின் நான்கு வட்டாரங்கள் சேர்ந்து ஐரோப்பிய வலையமைப்பைத் தொடங்கின. 2004-இல் அது சீனாவையும் சேர்த்து உலக வலையமைப்பானது. 2015-இல் யுனெஸ்கோ அதைத் தன் அதிகாரபூர்வத் திட்டமாக்கிக்கொண்டது. 2025 ஏப்ரல் கணக்கின்படி 50 நாடுகளில் 229 புவிப்பூங்காக்கள். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை.

கவனிக்க வேண்டியது: 1991-இல் பேசப்பட்டது நினைவின் உரிமை. கால் நூற்றாண்டுக்குள் அதோடு ‘நிலைத்த வளர்ச்சி’, ‘வட்டாரப் பொருளாதாரம்’ ஆகிய சொற்களும் சேர்ந்துகொண்டன. பூமிக்கு உரிமை உண்டு என்ற வாக்கியம் மெல்லமெல்ல பூமியால் வருமானம் உண்டு என்ற வாக்கியமாக வாசிக்கப்படுகிறது. இந்த நழுவல் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி விளைவைத் தராது. அரியலூரில் அது என்ன செய்யும் என்பதே என் கேள்வி.

2

ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்னாலிருந்து 6 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை, விட்டுவிட்டு, இந்த வட்டாரத்தில் கடல் இருந்தது. கோண்டுவானா என்கிற பெருநிலம் உடைந்து இந்தியா தனியே விலகியபோது கிழக்கு விளிம்பில் உண்டான பள்ளத்தில் கடல் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஒவ்வொரு முறையும் ஓர் அடுக்கை விட்டுச் சென்றது. டைனோசர்கள் அழிந்த அந்த 6.6 கோடி ஆண்டு எல்லைக்கு முந்திய அடுக்குகளும் பிந்திய அடுக்குகளும் இங்கே அருகருகே கிடக்கின்றன.

1840களில் கே, கன்லிஃப் என்கிற இரண்டு ஆங்கிலேயர்கள் இங்கே பொறுக்கிய படிவங்கள் லண்டனுக்குப் போயின. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் அவற்றைப் பற்றி எழுதினார். எச். எஃப். பிளான்ஃபோர்ட் நிலத்தை அளந்து 1862-இல் விரிவான அறிக்கை தந்தார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிட்ஸ்கா 1873 வரை தொகுதி தொகுதியாக இந்த உயிர்களை வருணித்து வெளியிட்டார். அதன் விளைவாக இந்த ஊர்களுக்கு வேறொரு வாழ்க்கை கிடைத்தது. உத்தத்தூர், காரை, கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோயில், கல்லமேடு, நினியூர்: இவையெல்லாம் பேருந்துப் பலகையில் இருக்கிற பெயர்கள் மட்டுமில்லை; உலக நிலவியல் ஆய்விதழ்களில் பாறை அடுக்குகளின் பெயர்கள். நினியூர்க்காரர் ஒருவரிடம் ‘உங்க ஊர் பேரில் ஒரு காலமே இருக்குங்க’ என்று சொன்னால் நம்மைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார். அறிவு இங்கிருந்து எடுக்கப்பட்டது. இங்கே திருப்பித் தரப்படவில்லை.

இந்தப் பெயர்ப் பட்டியலில் ஒன்று உறுத்துகிறது. டால்மியாபுரம் படிவம். 1953 ஜூலை 15-இல் கல்லக்குடி ரயில் நிலையத்தில் மு. கருணாநிதி தண்டவாளத்தில் படுத்து நடத்திய போராட்டம் தமிழக அரசியலின் முதன்மைக் கதைகளில் ஒன்று. வடக்கத்திச் சிமெண்ட் முதலாளியின் பெயரை எங்கள் ஊருக்கு வைக்காதே என்பது கோரிக்கை. இன்று நிலையத்தின் பெயர் கல்லக்குடி பழங்காநத்தம். ஊரும் கல்லக்குடிதான். ஆனால் ஊருக்கு அடியில் இருக்கிற 10 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட சுண்ணாம்புப் பாறை அறிவியலில் இன்றும் டால்மியாபுரம்தான். இதில் யாருடைய சதியும் கிடையாது. பெயர் வைத்தபோது வழக்கிலிருந்த இடப்பெயரை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆனாலும் இது ஒரு குறியீடாக நிற்கிறது. நம் அரசியல் பெயர்ப்பலகை வரை போனது. பலகைக்குக் கீழே போகவில்லை. பெயர் யாருடையது என்று கேட்டோம். கல் யாருடையது என்று கேட்கவில்லை.

3

இந்தக் கல் என்னவாகிறது? கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் என்பது பெரும்பாலும் சிப்பிகள். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற கடலில் திட்டுத்திட்டாக வாழ்ந்த சிப்பிகள். கிளிஞ்சலைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது நமக்குப் பழகிய தொழில். சிமெண்ட் ஆலை செய்வதும் அடிப்படையில் அதுதான், அளவுதான் வேறு. ஒரு டன் கிளிங்கருக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். அது 1450 டிகிரி வெப்பத்தில் உருகிக் கலந்து, அரைபட்டு, 50 கிலோ மூட்டையாகி லாரி ஏறுகிறது. நம் வீட்டுச் சுவர்களில் ஒரு கடல் இருக்கிறது என்று சொன்னால் அது வெறும் அலங்காரப் பேச்சு இல்லை.

இப்போது புவிப்பூங்காவின் விதிகளைப் பார்க்கலாம். யுனெஸ்கோ திட்டத்தின்படி பூங்காவை நடத்தும் அமைப்பு படிவங்கள், கனிமங்கள் முதலியவற்றின் விற்பனையில் ஈடுபடக் கூடாது. அப்படிப்பட்ட வணிகத்தை ஊக்கமிழக்கச் செய்ய வேண்டும். நல்ல விதி. முதன்மையான தலங்கள் உள்நாட்டுச் சட்டத்தால் காக்கப்பட்டிருக்க வேண்டும். அதுவும் நல்ல விதி. ஆனால் புவிப்பூங்கா என்ற தகுதி தன்னளவில் சட்டக் காப்பு கிடையாது. அந்தப் பரப்புக்குள் உள்நாட்டுச் சட்டம் அனுமதிக்கிற எந்தப் பொருளாதார நடவடிக்கையையும் அது தடுக்காது, சுரங்கம் உட்பட.

இந்த இரண்டையும் அருகருகே வைத்து வாசியுங்கள். ஆடு மேய்க்கும் பையன் ஓடைக்கரையில் கிடைத்த அம்மோனைட்டை வந்தவரிடம் 50 ரூபாய்க்கு விற்றால் அது மரபை அழிக்கும் வணிகம். அதே அம்மோனைட் ஆயிரக்கணக்கில் பாறையோடு சேர்ந்து சூளைக்குள் போனால் அது தொழில் வளர்ச்சி. துண்டு புனிதம், மலை சரக்கு. பாரம்பரியச் சொல்லாடல் துண்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வணங்கச் சொல்கிறது. அந்த வணக்கத்தின் மறைவில் மலை போய்க்கொண்டே இருக்கிறது.

அரசு எந்திரத்தின் அமைப்பும் இதற்குத் தோதாகத்தான் இருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் 1851-இல் தொடங்கப்பட்டதே நிலக்கரி தேடுவதற்காக. அதன் அறிஞர்கள் செய்திருக்கும் பணி பெரியது, மறுக்க முடியாது. திருவக்கரை, சாத்தனூர் கல்மரங்களையும் பல்லாவரம் பகுதிச் சார்னோகைட் பாறையையும் தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களாக அறிவித்தது அந்த நிறுவனம்தான். ஆனால் அது இயங்குவது சுரங்க அமைச்சகத்தின் கீழ். 2022 டிசம்பரில் புவிமரபுத் தலங்களைக் காப்பதற்கான வரைவு மசோதாவை வெளியிட்டதும் அதே சுரங்க அமைச்சகம். தோண்டச் சொல்வதும் நினைவுவைக்கச் சொல்வதும் ஒரே மேசை. அந்த மேசையில் இரண்டு கோப்புகளும் ஒரே நாளில் வந்தால் எது முதலில் கையெழுத்தாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

4

வேலி போட்டுக் காப்பாற்றினால் போதாதா என்று கேட்கலாம். வேலி போட்ட கதை நம்மிடம் உண்டு. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரை. 1780களிலேயே சொனேரா என்ற பிரெஞ்சுக்காரர் இங்குள்ள கல்மரங்களைப் பற்றி ஐரோப்பாவுக்கு எழுதினார். 1940 முதல் பூங்கா. மரங்களுக்கு ஏறத்தாழ 2 கோடி வயது. கிளையும் இலையும் இல்லாத வெறும் அடிமரங்கள். எங்கோ வெள்ளத்தில் பெயர்ந்து அடித்துவரப்பட்டு, மணலில் புதைந்து கல்லானவை. ஊர்க்கதை வேறு சொல்கிறது: அவை அம்மன் கோயில் தலபுராணத்து அசுரனின் எலும்புகள். பௌர்ணமிதோறும் வக்ரகாளியம்மனைப் பார்க்கக் கூட்டம் அம்முகிறது. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் கல்மரப் பூங்காவுக்குள் நுழைகிறார்கள்? சுற்றிலும் கல்குவாரிகள் வேறு.

சாத்தனூர் மரமும் இப்படித்தான். 18 மீட்டர் நீளம், கிரெட்டேசியஸ் காலம். 1940-இல் அதை உலகுக்குச் சொன்ன எம். எஸ். கிருஷ்ணன் பிறகு அந்த நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானவர், தஞ்சை மாவட்டத்துக்காரர். அந்த மரத்தைச் சுற்றி வேலி இருக்கிறது, பலகை இருக்கிறது. ஊருக்கும் அதற்கும் என்ன உறவு என்றால் விடை கிடைப்பது கஷ்டம்.

அதே 2 கோடி ஆண்டு வயதுள்ள கல்மரக்காடு கிரீஸின் லெஸ்வோஸ் தீவில் இருக்கிறது. எரிமலைச் சாம்பல் மூடியதால் பல மரங்கள் வேரோடு நின்ற இடத்திலேயே கல்லானவை. 1985-இல் சட்டக் காப்பு, 1994-இல் சிக்ரி என்ற ஊரில் அருங்காட்சியகம், 2000-இல் ஐரோப்பிய வலையமைப்பின் நான்கு நிறுவன உறுப்பினர்களில் ஒன்று. சுற்றுலாவால் வட்டாரம் வளர்ந்ததற்கு உதாரணமாக இதைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். ஆனால் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். ஒன்று, அந்தத் தீவின் பெட்ரா என்ற ஊரில் 1983-லேயே பெண்கள் கூட்டுறவு அமைத்து வீட்டு அறைகளை வாடகைக்கு விடத் தொடங்கியிருந்தார்கள். பூங்கா வந்து அவர்களைத் தூக்கிவிடவில்லை. அவர்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள், பூங்கா அவர்களோடு கைகோத்துக்கொண்டது. இரண்டு, 2013-க்குப் பிறகு சிக்ரிக்குப் புதுச் சாலை போட்டபோது அருங்காட்சியகத்தின் ஆட்கள் சாலைப் பணியோடு கூடவே அகழ்ந்துகொண்டு போனார்கள். 2021-இல் வேரும் கிளையுமாக ஒரு முழுமரமே கிடைத்தது. எந்திரமும் அகழ்வும் சேர்ந்து போக முடியும் என்பதற்கு அது சாட்சி. நாம் லெஸ்வோஸிலிருந்து கட்டணச் சீட்டை இறக்குமதி செய்ய நினைக்கிறோம். கூட்டுறவையும் அகழ்வையும் துறைமுகத்திலேயே விட்டுவிடுகிறோம்.

5

இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது. இவ்வளவு பழமைப் பெருமை பேசுகிற தமிழ்ச் சமூகம் ஏன் இந்தப் பழமையைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளவில்லை? கல்லுக்கும் மண்ணுக்கும் முந்தியவர்கள் நாங்கள் என்று மேடையில் முழங்குகிறோம். அந்தக் கல் லாரியில் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

இங்கே ஒரு விசித்திரமான தற்செயல் உண்டு. அரியலூர்ப் பாறைகளை வரைபடமாக்கிய அதே பிளான்ஃபோர்ட்தான் 1875-இல் இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைத்த ஒரு நிலம் இந்துமாக்கடலில் மூழ்கிப்போனது என்று எழுதினார். ஸ்கிளேட்டர் 1864-இல் லெமூரியா என்று பெயரிட்ட கருத்துக்கு நிலவியல் வலு சேர்த்தவர்களில் அவரும் ஒருவர். கண்டங்கள் நகர்கின்றன என்று நிறுவப்பட்ட பிறகு அறிவியல் அதைக் கைவிட்டது. நாம் கைவிடவில்லை, குமரிக்கண்டமாக்கிப் பாடநூல் வரை கொண்டுபோனோம். ஒரே மனிதரின் இரண்டு எழுத்துகளில் பொய்த்துப்போனதை எடுத்துக்கொண்டோம், மெய்யாக நின்றதை விட்டுவிட்டோம். காரணம் புரியாததில்லை. மூழ்கிய நிலத்தில் மூதாதையர் இருந்தார்கள் என்று சொல்லலாம். மொழி இருந்தது, அரசன் இருந்தான், இழப்பு இருந்தது. கடல் வெளியேறிய நிலத்தில் யார் இருந்தார்கள்? சிப்பியும் அம்மோனைட்டும். அவற்றுக்குச் சாதி இல்லை, மொழி இல்லை. நமக்கு மூதாதையாக இருக்க அவற்றுக்குத் தகுதி போதவில்லை.

அம்மோனைட்டை நாம் வணங்கவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் ஜுராசிக் கால அம்மோனைட் சாளக்கிராமமாகிப் பூஜை அறையில் உட்கார்ந்து அபிஷேகம் வாங்குகிறது. பெரம்பலூர் மேட்டுக்காட்டில் கிடைக்கும் அதன் உறவுக்காரன் உழவனின் காலில் இடறுகிறான். கல் ஒரே குடும்பம். மதிப்பு கல்லுக்குள் இல்லை. அதைப் பற்றிப் பேசும் வாய் யாருடையது என்பதில் இருக்கிறது.

புவிப்பூங்காச் சொல்லாடலும் இந்த வாயைத்தான் கைப்பற்றப் பார்க்கிறது. காரையின் செம்மண் அரிப்புப் பள்ளங்களைக் ‘குட்டி கிராண்ட் கேன்யன்’ என்கிறார்கள். பெலெம்னைட் படிவங்கள் துப்பாக்கி ரவை மாதிரி சிதறிக் கிடக்கிற அந்த மண்ணுக்குத் தன் பெயரிலேயே நிற்க அனுமதி இல்லை. அமெரிக்காவின் நகலாக நின்றால்தான் படமெடுக்க ஆள் வரும். 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் தோண்டும்போது உருண்டைக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. அம்மோனைட் சார்ந்த படிவு உருண்டைகள் என்று நிலவியலாளர்கள் சொன்னதும் பரபரப்பு அடங்கிவிட்டது. வெறும் நத்தையா என்று சலித்துக்கொண்டால் என்ன செய்வது?

நிஜ டைனோசருக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்ற இரு நிலவியலாளர்கள் 1980களின் பிற்பகுதியில் பிருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டு அறிவித்தார்கள். பூமியில் நடந்த மிகப் பெரிய உயிர்களில் ஒன்றாக இருக்கலாம் என்று 2023-இல்கூட ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். சரிபார்க்க எலும்பு இல்லை. நொறுங்கும் நிலையில் இருந்தவை காப்பாற்றப்படாமல் உதிர்ந்து மண்ணோடு மண்ணாயின. சில படங்களும் கோட்டோவியங்களும்தான் மிச்சம். இந்த வட்டாரத்தின் ஆகப் பெரிய சொத்து பார்வையாளர் இல்லாமல் அழியவில்லை. பக்கத்திலேயே எலும்பைக் கட்டிக் காக்கத் தெரிந்த ஒரு கூடம், ஒரு ஆள், கொஞ்சம் பணம் இல்லாமல் அழிந்தது.

6

சுரங்கமே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. ஆலையில் சம்பளம் வாங்கும் குடும்பங்களுக்கு எதிரே நின்று அப்படிப் பேசுவது நகரத்து ரசிகனின் சொகுசு. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அடுக்குகளின் பல வெட்டுமுகங்களைக் கண்ணுக்குக் காட்டியதே குவாரிகள்தான். ஆய்வாளர்கள் இன்றும் அந்தச் சுவர்களில்தான் வாசிக்கிறார்கள். வெட்டும்போது ஒரு கணம் கடல் தெரிகிறது. அடுத்த வெடியில் போய்விடுகிறது. பிரச்சினை அந்தக் கணத்தின் நீளம் பற்றியது. அதை நீட்டிக்க முடியுமா என்பதுதான் அரசியல்.

ஆகவே பூங்கா கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு. ஒவ்வொரு சுண்ணாம்புச் சுரங்கத்திலும் அடுக்குகள் முழுசாகத் தெரியும் ஒரு சுவரை வெட்டாமல் சாட்சியாக விட்டுவைக்க வேண்டும் என்பது குத்தகையின் நிபந்தனையாக வேண்டும். வெடி வைக்கும் முன் அந்த முகம் பதிவு செய்யப்பட வேண்டும். சுரங்கத்தை மூடுவதற்கான திட்டம் சட்டப்படி ஏற்கெனவே கட்டாயம். அதில் மரம் நடுவதோடு அடுக்கைக் காப்பதையும் சேர்க்க என்ன தடை? பணம் எங்கே என்பார்கள். 2015 முதல் மாவட்டக் கனிம அறக்கட்டளை இருக்கிறது. 2015 ஜனவரி 12-க்கு முந்திய குத்தகைகள் ராயல்டியில் 30 சதவீதத்துக்குச் சமமான தொகையையும், பிந்தியவை 10 சதவீதத்துக்குச் சமமான தொகையையும் அதற்குத் தர வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதி அது. குடிநீரும் மருத்துவமும்தான் முதலில், சந்தேகமில்லை. ஆனால் ஊரின் காலத்தையே எடுத்துப்போவதும் ஒரு பாதிப்பு என்று அந்தக் கணக்கில் எழுதவைக்க வேண்டும்.

யார் கதை சொல்வது என்பது கடைசியாக வருகிறது, முக்கியத்துவத்தில் கடைசி இல்லை. சுற்றுலாத் திட்டங்களில் உள்ளூர்க்காரனுக்கு ஒதுக்கப்படும் பாத்திரங்கள் நமக்குத் தெரியும்: டீ விற்பவன், வண்டி ஓட்டுபவன், மனப்பாடம் செய்த வழிகாட்டி. ஆனால் இந்த அடுக்குகளை முதலில் பார்ப்பது பொக்லைன் ஓட்டுகிறவர். அடுத்துப் பார்ப்பது கிணறு வெட்டுகிறவர், காடு உழுகிறவர், ஆடு மேய்க்கிற பெண். எந்த ஆழத்தில் மண் நிறம் மாறும், எங்கே சிப்பி வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவைக் குறித்துக்கொள்ள ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைக்கலாம். பள்ளிக்கூடத்தில் ஓர் அறை ஒதுக்கலாம். லண்டனிலும் கல்கத்தாவிலும் இருக்கிற மூலப் படிவங்களின் அச்சு நகல்களைக் கேட்டு வாங்கலாம். இதற்கு யுனெஸ்கோ வர வேண்டியதில்லை. இதெல்லாம் இருக்கிற வட்டாரத்துக்கு யுனெஸ்கோ வந்தால் நல்லது. இல்லாத வட்டாரத்துக்கு வந்தால் நுழைவுக் கட்டணமும் வேலியும் வரும், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீட்டுக்கு ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, தேறினால் பச்சை அட்டை, குறையிருந்தால் மஞ்சள், தேறாவிட்டால் சிவப்பு என்று காட்டிவிட்டுப் போவார்கள்.

புறம்போக்கு என்ற சொல்லை நாம் வசையாக்கிவிட்டோம். வருவாய்த்துறைக் கணக்கில் அது தீர்வைக்கு வெளியே நிற்கும் நிலம். ஏரி, மேய்ச்சல்காடு, களம், சுடுகாடு: யாருக்கும் பட்டா இல்லாததால் ஊருக்கே சொந்தமானவை. வாரிசில்லாத அந்தக் கடலுக்கு நான் வாரிசு தேடவில்லை. அரசனையும் சாதியையும் மொழியையும் அதன் தலையில் கட்ட வேண்டாம். சுற்றுலா முகவரிடம் பட்டா மாற்றித் தரவும் வேண்டாம். அது ஊர்ப்பொதுவாகவே இருக்கட்டும். குத்தகைக் காலம் முடிந்து தண்ணீர் தேங்கிக் கிடக்கும் அந்தக் குழிகள் நாளை யார் பெயரில் எழுதப்படும் என்பதை இன்றே கிராமசபையில் கேட்க முடியும். கேட்பதற்கு எந்தப் பூங்காவும் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.